தேரிக்காட்டுப் பள்ளிக்கு இணையம் வந்த கதை: மூன்றாண்டு நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், திசையன்விளைக்கும் இராதாபுரத்துக்கும் இடைப்பட்ட ஒரு குக்கிராமத்தில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இது. 2022 ஜூன் முதல் 2025 ஜூன் வரை அங்கே இணைய இணைப்பு ஏற்படுத்த நடந்த முயற்சிகளை வரிசையாகப் பதிவு செய்கிறேன். தொலைபேசி நிலையத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், பக்கத்து ஊர்க்காரன். ஊரார் கேட்டுக்கொண்டதால் இதில் இறங்கினேன். எடுத்த முடிவுகளில் பாதிக்கு நானே பொறுப்பு, தவறாகப் போனவையும் அதில் அடக்கம். இதேபோன்ற ஊரில் இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். இந்த வேலையில் சம்பந்தப்பட்ட பள்ளி, ஆட்கள், நிறுவனங்கள் எவற்றின் பெயரும் வராது.

ஊரும் பள்ளியும்

தேரி என்கிற செம்மணல் மேடு, பனை, முருங்கைத் தோட்டம். 84 தலைக்கட்டு, அதாவது ஊர் வரி கொடுக்கும் குடும்பங்கள். ஆண்களில் பலர் சென்னையிலும் மும்பையிலும் பலசரக்குக் கடைகளில் இருக்கிறார்கள். வீட்டிலிருக்கும் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். பள்ளியில் 1 முதல் 8 வரை 94 பிள்ளைகள், தலைமையாசிரியையோடு ஐந்து ஆசிரியர்கள்.

கைபேசிக் கோபுரம் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால், பெரிய ரோட்டோரத்தில் இருக்கிறது. ஊரோ தேரி மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் கிடக்கிறது. வகுப்பறைக்குள் 4ஜி சிக்னல் −117 டிபிஎம், மொட்டை மாடியில் −106, ஊர்த் தண்ணீர் டேங்கின் உச்சியில் −97. டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. இந்த எண்ணில் பத்து கூடினாலே நிலைமை மாறிவிடும் என்பது கம்பியில்லாத் தொடர்பில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: வகுப்பறையில் போன் பேசவே திணறும், டேங்க் மேலே ஏறினால் படம் ஓடும்.

இணையம் இல்லாமல் பள்ளி நடத்துவது முன்பு ஒரு குறையாக மட்டும்தான் இருந்தது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சாகின. அவற்றைத் திறக்க இணையம் வேண்டும். வருகைப்பதிவும் மாணவர் விவரமும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்துக்குப் போயின. 2022 ஜூனில், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபின் சின்ன வகுப்புகளின் மதிப்பீடும் செயலிக்குள் வந்தது. காலையில் டீச்சர் ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி மாடிப்படி ஏறுவதைப் பிள்ளைகள் தினமும் பார்த்தார்கள். அந்த நேரம் கீழே வகுப்பில் ஆள் இருக்காது. என்னை உறுத்தியது அந்த இருபது நிமிடம்தான்.

முதலில் எண்ணிப் பார்த்தோம்

2022 ஆகஸ்டில், எதையும் வாங்குவதற்கு முன், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஆசிரியர் அறையில் தொங்கவிட்டோம். இணையம் தேவைப்படும் ஒவ்வொரு முறையும் நேரம், வேலை, நடந்ததா இல்லையா என்று எழுத வேண்டும். பத்து வேலை நாளில் 58 பதிவுகள் விழுந்தன. நடந்தது 21 மட்டுமே. அந்த 21இல் 15, காலை ஒன்பதே காலுக்கு முன்போ மாலை மூன்றரைக்குப் பின்போ நடந்தவை. பள்ளி நேரத்துக்குள் இணையம் ஏறக்குறைய இல்லை என்பது இதில் தெளிந்தது.

அந்த நோட்டில் இன்னொன்றும் இருந்தது, நாங்கள் கவனிக்கவில்லை. 58 வேலைகளில் பெரும்பாலானவை சின்ன வேலைகள்: வருகைப்பதிவு, ஒரு படிவம், ஒரு சுற்றறிக்கை. கனமான வேலை காணொளி மட்டும்தான். அதிலும் ஒரே அறிவியல் காணொளியை இரண்டு ஆசிரியர்கள் நான்கு முறை இறக்க முயன்றிருந்தார்கள். அந்த நான்கு வரிகளை அன்றே சரியாகப் படித்திருந்தால் பின்னால் வந்த செலவில் பாதி மிஞ்சியிருக்கும்.

4ஜி ரௌட்டர்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை

செலவு குறைந்த வழியிலிருந்து தொடங்கினோம். மாடியில் ஒரு குழாய் நட்டு, கோபுரத்தைப் பார்த்தபடி திசை ஆண்டெனா வைத்து, சிம் போட்ட ரௌட்டர் ஒன்றோடு இணைத்தோம். மொத்தம் ரூ.7,200. சிக்னல் −95 வரை ஏறியது. காலையில் நல்ல வேகம். ஆனால் நாளொன்றுக்கு 2 ஜிபி என்ற திட்டத்தில் பதினொரு மணிக்கே டேட்டா தீர்ந்துவிடும். அதற்குமேல் படிவம்கூடத் திறக்காது. மறுபடி பத்து நாள் நோட்டெழுதினோம்: 60 முயற்சிகளில் 34 நடந்தன.

“பாதிக் கிணறு தாண்டின மாதிரிதான் இருக்கு அண்ணாச்சி” என்றார் தலைமையாசிரியை. டேட்டா எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை. இணைப்புதான் சின்னது என்று முடிவு கட்டி, பெரிய இணைப்பு தேடப் போனேன்.

விட்ட வழிகளும் எடுத்த வழியும்

அரசின் பாரத்நெட் திட்டம் 2011 அக்டோபரில் தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பது அதன் நோக்கம். எங்களுக்கு உதைத்தது தூரம்தான். அந்தத் திட்டத்தின் இலக்கு ஊராட்சி அலுவலகம். எங்கள் பள்ளி அந்த அலுவலகத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, அதே ஊராட்சியின் வேறொரு குக்கிராமத்தில் இருக்கிறது. தெற்கே பல ஊராட்சிகள் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன. கடைசி மூன்று கிலோமீட்டரை யாராவது தனியாகக் கட்டித்தான் ஆக வேண்டும்.

கேபிள் டிவிக்காரரிடம் கேட்டோம். டவுனிலிருந்து மின்கம்பம் வழியாக ஃபைபர் இழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார். அதோடு, வழியெல்லாம் பனை. காய்ந்த மட்டை விழுந்து வயர் அறுந்தால் ஒவ்வொரு முறையும் ஒட்டுவது யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. செயற்கைக்கோள் இணைப்பின் மாதக் கட்டணம் எங்களுக்கு எட்டாது.

மிஞ்சியது தொலைதூர வைஃபை: இரண்டு முனையிலும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் டிஷ். புதிய யோசனை அல்ல இது. தேனிப் பக்கம் ஊர்ப்புறக் கண் பரிசோதனை மையங்களை அரவிந்த் கண் மருத்துவமனை இருபது ஆண்டுகளுக்கு முன்பே இப்படித்தான் இணைத்தது. மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியோடு மருத்துவமனையில் இருந்தபடி டாக்டர் பேசினார். 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டதால், வீசும் திறனின் வரம்பை மீறாதவரை சட்டச் சிக்கலும் இல்லை.

டவுனில் மூன்று மாடிக் கட்டடம் வைத்திருக்கும் ஓர் இரும்புக் கடைக்காரர், எங்கள் ஊரில் பெண் எடுத்தவர், மொட்டை மாடியில் இடம் தருவதாகச் சொன்னார். அவருடைய இணைப்பையே பகிர்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். அதை ஏற்கவில்லை. ஒருவர் பெயரில் வாங்கிய இணைப்பை ஊருக்குப் பிரித்துவிடுவது சரியல்ல. காசு கைமாறினால் சட்டச் சிக்கலும் வரலாம். பள்ளிக்கென்று தனி ஃபைபர் இணைப்பு அவர் கட்டடத்துக்கு வந்தது. அவசரத்தில் அதைத் தலைமையாசிரியையின் ஆதார் எண்ணைக் கொடுத்து அவர் பெயரிலேயே எடுத்தோம். அது பின்னால் உதைத்தது.

பனைக்கு மேலே ஒரு கோடு

இரும்புக் கடைக்கும் பள்ளிக்கும் இடையே நேர்த்தூரம் 5.4 கிலோமீட்டர். பள்ளி மாடியிலிருந்து பார்த்தால் பனைதான் தெரியும். ஊர் டேங்கின் உச்சி 15 மீட்டர். அதன் கைப்பிடியில் மூன்று மீட்டர்க் குழாய் கட்டலாம். ஊராட்சியில் தீர்மானம் போட்டு அனுமதி கிடைத்தது. ஆனால் 1.9 கிலோமீட்டர் தள்ளி ஒரு பனங்கூட்டம், கொஞ்சம் மேட்டில் நின்றது. அதைத் தாண்டிக் கோடு போகுமா?

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ரேடியோ அலை நூல் பிடித்த மாதிரிப் போவதில்லை. கோட்டைச் சுற்றி உப்பிய ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளும். 5.8 கிகாஹெர்ட்ஸில் எங்கள் தூரத்துக்கு, அந்தப் பனங்கூட்டம் நிற்கும் இடத்தில் அதன் ஆரம் ஏறக்குறைய 8 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது கோட்டுக்குக் கீழே 5 மீட்டராவது, வெறுமையாக இருக்க வேண்டும்.

ஊர்க் கூட்டத்தில் ஓர் இளைஞர், நாலு மரத்தை வெட்டினால் வேலை முடிந்தது என்றார். பனை தமிழ்நாட்டின் மாநில மரம்; வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்திருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் அந்த மரங்களில் பதனீர் இறக்கிப் பிழைக்கும் பனையேறி. அவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். மறுநாள் காலை, 2023 தை மாதத்தில், நான் கேட்காமலே வந்தார். “நான் ஏறிப் பார்த்துச் சொல்லுதேன் அண்ணாச்சி. வெட்டணுமா வேண்டாமான்னு அப்புறம் பேசுங்க.”

இரும்புக் கடை மாடியில் ஒரு சிவப்புச் சேலையைக் கம்பில் கட்டினோம். டேங்க் மேலே ஒரு பையன் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் திருப்பினான். கூட்டத்திலேயே உயரமான பனையில் அவர் ஏறினார். இரண்டு பக்கமும் தன் கண்ணுக்கு எவ்வளவு கீழே தெரிகிறது, எவ்வளவு மேலே தெரிகிறது என்று மேலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார். இறங்கி வந்து சொன்னது இது: “கோடு குருத்துக்கு மேலதான் போகும். ரெண்டு ஆள் உயரம் இருக்கும். ஆனா மட்டை ஆடுனா உரசும். மரமும் வருஷத்துக்கு ஒரு அடி வளரும், அதையும் கணக்குல வச்சிக்கிடுங்க.”

இரண்டு ஆள் உயரம் என்றால் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். எனக்கு வேண்டியது ஐந்து. முழுக்கச் சரியில்லை, ஆனால் வேலை செய்யும். மரத்தை விட்டுவிட்டு, இரும்புக் கடை மாடியில் குழாயை ஆறு மீட்டராக உயர்த்த முடிவு செய்தோம். அந்த ஆறு மீட்டர் பின்னால் வேறு விதத்தில் விலை கேட்டது.

பிப்ரவரி முதல் மே வரை

2023 பிப்ரவரியில் இணைப்பு உயிர்பெற்றது. கணக்குப்படி −63 வர வேண்டிய இடத்தில் −68 வந்தது. பள்ளியில் 35 எம்பிபிஎஸ் கிடைத்தது. மார்ச் மாத நோட்டில் 52 முயற்சிக்கு 48 நடந்திருந்தன. டீச்சர் மாடிக்கு ஏறுவது நின்றது.

ஏப்ரல் கடைசியில் ரௌட்டர் கணக்கைப் பார்த்தேன். ஒரு மாதத்தில் 286 ஜிபி. பள்ளி நேரத்தில் போனது 61 மட்டுமே. கடவுச்சொல் ஊருக்குள் கசிந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பள்ளிச் சுவரோரம் இருபது இருபத்தைந்து பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுராத்திரி வரைக்கும்.

பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. உடனே பூட்ட வேண்டும் என்றார்கள் சிலர். குழுத் தலைவி பீடி சுற்றும் ஒரு தாய். அவருக்கு அதில் உடன்பாடில்லை. “பள்ளிக்கூடப் பைப்புல தண்ணி வந்தா ஊரே குடம் வைக்குது. இதை மட்டும் எப்படிப் பூட்ட? என் மவ காலேஜுக்கு அப்ளிகேஷன் போட பஸ் ஏறித்தான் போறா.” அவர் கேட்டது நியாயம். ஆனால் இணைப்பு ஒரு தலைமையாசிரியையின் பெயரில் இருக்கிறது. அதில் யார் எதைச் செய்தாலும் கேள்வி அவரிடம்தான் வரும். அதோடு பிள்ளைகள் இருக்கும் இடம். இரண்டையும் வைத்துப் பேசி முடிவெடுத்தோம்: திறந்த வைஃபை கிடையாது; தகாத தளங்களைத் தடுக்கும் வடிகட்டி போடப்படும்; வாரம் மூன்று நாள் மாலை ஆறு முதல் எட்டு வரை, பெரியவர் ஒருவர் முன்னிலையில், பள்ளியின் ஒரு லேப்டாப்பில் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகள் விண்ணப்பங்களையும் தேர்வு முடிவுகளையும் பார்க்கலாம். சுவரோரக் கூட்டம் ஒரு வாரம் கோபப்பட்டுக் கலைந்தது. விண்ணப்ப வேலை இன்றுவரை நடக்கிறது. அந்தத் தாயின் மகளுடையதும் அங்கேதான் போனது.

மே மாதம் விடுமுறை. மாதப் பில்லை யாரும் கட்டவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. புதிய சேர்க்கை விவரங்களை ஏற்ற வேண்டிய அதே நாட்களில் மறுபடி தாள் கொடுத்து உயிர்ப்பிக்க மூன்று வாரம் ஆனது. அன்றிலிருந்து ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகத் தையிலேயே கட்டிவிடுகிறோம்.

ஆடிக்காற்று

ஜூன் கடைசியில் இணைப்பு திரும்பியது. ஜூலையில் வேகம் விழுந்தது. காலையில் 35, மதியம் 3, சில நேரம் ஒன்றுமில்லை. மூன்று வாரம் திணறினோம். நான் காலை ஏழு மணிக்கு டவுனுக்குப் போய் மாடி ஏறிப் பார்ப்பேன், எல்லாம் சரியாக இருக்கும். சேவை நிறுவனத்தாரும் காலையில் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் பக்கம் குறையில்லை என்று போனார்கள். அது உண்மைதான்.

மூன்றாவது வாரம் தற்செயலாக மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் போனேன். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று அந்நேரம் உச்சத்தில் இருந்தது. முப்பந்தல் காற்றாலைகள் நிற்பதே அதை நம்பித்தான். மாடியில் ஆறு மீட்டர்க் குழாய் தலையாட்டிக்கொண்டிருந்தது. டிஷ்ஷின் பார்வை ஏழெட்டு டிகிரி அகலம்தான். குழாய் நான்கு டிகிரி சாய்ந்தாலே எதிர்முனை கையைவிட்டுப் போய்விடும். அந்த நேரம் அளந்தேன்: −68 இருந்தது −80க்கு ஊசலாடியது. குழாயை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி இரண்டே இரண்டுதான் கட்டியிருந்தேன். பிப்ரவரியில் காற்றில்லாத நாளில் அது போதும் என்று தோன்றியது. இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்து, ஆடி மாதத்தை மறந்து வேலை செய்திருக்கிறேன்.

குழாயை நாலரை மீட்டராகக் குறைத்து, மூன்று திசையில் சம கோணத்தில் ஸ்டே கட்டினோம். உயரம் குறைந்ததால் சிக்னல் −70 ஆனது. காற்றில் ஆடாத −70, ஆடுகிற −68ஐவிட நல்லது. செலவு ரூ.2,700.

பள்ளிக்குள் ஒரு பெட்டி

அந்த மூன்று வாரமும் ஆசிரியர்கள் பாடம் நடத்தத்தான் செய்தார்கள். எட்டாம் வகுப்பு டீச்சர் ஒருவர், காலையில் வேகம் இருக்கும்போது அன்றைய காணொளியை லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொண்டு மதியம் போட்டுக் காட்டினார். அவர் செய்ததைப் பார்த்தபிறகுதான் முந்தைய ஆண்டு நோட்டில் இருந்த அந்த நான்கு வரிகள் எனக்கு உறைத்தன.

மும்பையில் கடை வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவர் தம் பழைய கணினியை அனுப்பினார். ரூ.4,300க்கு ஒரு டிஸ்க் வாங்கிப் போட்டோம். இணையமில்லாமல் பாடங்களைப் பார்க்க உதவும் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளையும், இணையமில்லாமல் விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸையும் நிறுவினோம். தமிழ் விக்கிப்பீடியா முழுதும் அதற்குள் வந்தது. பாடநூல் பிடிஎஃப்கள், டீச்சர்கள் தேர்ந்தெடுத்த பாடக் காணொளிகள் எல்லாம் இரவில் இறங்கி அதில் சேர்ந்தன. பள்ளிக்குள் எந்தக் கருவியும் அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வெளி இணைப்பு அறுந்தாலும் உள்ளே ஓடும்.

2023 ஆகஸ்டில் இது நடந்தது. அதற்கு முந்தைய மாதங்களில், திறந்த வைஃபையை அடைத்தபிறகும், மாதம் சுமார் 70 ஜிபி போய்க்கொண்டிருந்தது. செப்டம்பரில் 19 ஜிபி. காணொளி பார்ப்பது குறையவில்லை, கூடியிருந்தது.

19 ஜிபி என்றால் ஒரு வேலை நாளுக்கு ஒரு ஜிபிகூட இல்லை. ஒரு வருடத்துக்கு முன் “போதாது” என்று கழற்றி வைத்த அந்த 4ஜி ரௌட்டரின் 2 ஜிபிக்குள் இது அடங்கும். டிஷ்ஷும் டேங்கும் பனையேறியும் இல்லாமலே, ரூ.7,200 ரௌட்டரும் ஓர் ஓசிக் கணினியும் ஒரு டிஸ்க்கும் சேர்ந்து பள்ளியின் தேவையில் முக்கால் பங்கைத் தீர்த்திருக்கும். இதை மறைக்காமல் சொல்வதற்காகவே இந்தப் பதிவை எழுதத் தொடங்கினேன்.

ஐப்பசி இடி, மார்கழி மழை

டேங்குக்கும் பள்ளிக்கும் நடுவே 130 மீட்டர். செம்புக் கம்பியில் ஓடும் நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகாது. அதனால் நடுவில் ஒரு கம்பத்தில் பெட்டி வைத்து, அதற்குள் நெட்வொர்க் சுவிட்ச் போட்டு, இரண்டு துண்டாக இழுத்திருந்தோம். 2023 ஐப்பசியில் டேங்குக்குப் பக்கத்துத் தோப்பில் ஒரு சாயங்காலம் இடி விழுந்தது. நேரடியாக எங்கள் மேல் அல்ல. ஆனால் செம்பு வழியாக ஓடிவந்த மின்வீச்சில் நடுச் சுவிட்ச், பள்ளி ரௌட்டர், கணினியின் போர்டு எல்லாம் கருகின. டிஸ்க் தப்பியது. இழப்பு ரூ.10,900. பள்ளி விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, யாரும் அறையில் இல்லை.

எர்த் போட்டிருந்தோம். தேரி மணல் ஐப்பசிக்கு முன் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கும்; காய்ந்த மணலில் மின்சாரம் எளிதில் இறங்காது. கரியும் உப்பும் போட்டுக் குழியை ஆழப்படுத்தினோம், வெயில் காலத்தில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்தோம். அதைவிட முக்கியமான மாற்றம், டேங்கிலிருந்து பள்ளிவரை செம்பை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழையை இழுத்தது. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. 130 மீட்டர் அதற்கு ஒரு தூரமும் இல்லை. இழையையும் கம்பியையும் இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டும் இழையும் சேர்த்து ரூ.3,600. முதலில் செம்புக்கும் நடுப்பெட்டிக்கும் செலவழித்தது ரூ.5,300. தொலைபேசித் துறையில் இத்தனை வருடம் இருந்த நான் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். செம்புக் கம்பியில் பழகிய கை செம்பையே தேடிப் போயிற்று.

டிசம்பர் 17, 18இல் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழையில் வகுப்பறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. தரையில் இருந்த யுபிஎஸ் பேட்டரி போயிற்று, ரூ.2,200. இப்போது எல்லாம் ஜன்னல் உயரத்துக்கு மேல் சிலாப்பில் இருக்கின்றன.

கணக்கு

டிஷ் இரண்டு ரூ.13,800; குழாய், கிளாம்ப், ஸ்டே ரூ.6,100, கேபிளும் நடுப்பெட்டியும் ரூ.5,300, இரண்டு முனைக்கும் யுபிஎஸ் ரூ.5,600, கூலி, வண்டி ரூ.3,200. ஆக ரூ.34,000. இதைச் சென்னை, மும்பைக் கடைக்காரர்கள் ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். மாதக் கட்டணம் ரூ.499, 18 விழுக்காடு வரியோடு ரூ.589. இரண்டு ஆண்டுக்கு ரூ.14,136.

அதே இரண்டு ஆண்டில் பழுதுக்கு ஆன செலவு ரூ.19,400. மாதக் கட்டணத்தைவிடப் பழுதுச் செலவு அதிகம்; இதற்கு நன்கொடை கேட்டால் யாரும் உற்சாகமாகத் தருவதில்லை. புது டிஷ் வாங்கக் காசு கொடுத்தவர்கள், கருகிய சுவிட்சுக்குக் கேட்டபோது யோசித்தார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். எதையோ தொடங்கிவைத்தோம் என்ற நிறைவு பழுது பார்ப்பதில் கிடைக்காது.

வழி காட்டியது ஊர்க் கோயில் கமிட்டி. கொடை என்கிற கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும்போது கூடவே பள்ளிக்கூட வரியாக ஆண்டுக்கு ரூ.150 சேர்த்து வாங்க 2024 தொடக்கத்தில் ஒப்புக்கொண்டார்கள். 84 தலைக்கட்டுக்கு ரூ.12,600. ஆண்டுக் கட்டணம் ரூ.7,068 போக மீதி ரூ.5,532 பழுது நிதி. ஊரில் கொடை வரி பாக்கி வைப்பவர் யாரும் இல்லை, அதனால் இதுவும் பாக்கி இல்லாமல் வருகிறது. கமிட்டியில் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாத குடும்பங்களும் உண்டு. அவர்களும் கொடுக்கிறார்கள்.

பெயரும் சாவியும்

2024 கோடையில் தலைமையாசிரியை மாறுதலில் போனார். புதியவர் வந்த முதல் வாரம் ரௌட்டரில் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. கடவுச்சொல் பழையவர் கைபேசியில். இணைப்பின் ஓடிபியும் அவர் எண்ணுக்கே போகும். அவர் நல்லவர், ஒவ்வொரு முறையும் போன் எடுத்துச் சொன்னார். அப்படி இல்லாதவராக இருந்திருந்தால்? மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தை வைத்து இணைப்பைப் பள்ளியின் பெயருக்கு மாற்ற இரண்டு மாதம் பிடித்தது. இப்போது கடவுச்சொற்கள் எல்லாம் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஒன்று பள்ளி பீரோவிலும் ஒன்று குழுத் தலைவி வீட்டிலும் இருக்கின்றன.

டேங்கில் ஏறிக் கிளாம்ப் இறுக்க முதலில் ஐடிஐ படித்த ஒரு பையனைப் பழக்கினோம். நன்றாகச் செய்தான், ஏழாம் மாதம் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டான். போகத்தான் வேண்டும். இன்று அந்த வேலையைப் பார்ப்பவர் பனையேறி. மாதம் ஒரு முறை ஏறி கிளாம்ப், கேபிள், துரு மூன்றையும் பார்த்துக் கீழே வந்து சொல்வார்; தலைவி நோட்டில் எழுதுவார். ஒரு ஏற்றத்துக்கு ரூ.300 பழுது நிதியிலிருந்து கொடுக்கிறோம்; இடுப்புக்குப் பாதுகாப்பு வார் வாங்கிக் கொடுத்தோம். உயரம் ஏறத் தெரிந்த, ஊரைவிட்டுப் போகாத ஆள் முதல் கூட்டத்திலேயே ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் கேட்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது.

மறுபடி தொடங்கினால்

நோட்டு முதலில். அதை எழுதியதோடு நிற்காமல் ஒவ்வொரு வரியையும் படிப்போம். பிறகு பள்ளிக்குள் அந்தப் பெட்டி. அதன்பின் கையில் கிடைக்கிற மலிவான இணைப்பு எதுவோ அது. பெட்டியோடு ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து, அப்போதும் போதவில்லை என்றால்தான் டிஷ். டிஷ் வைத்தால் மூன்று ஸ்டே, டேங்கிலிருந்து பள்ளிக்கு ஃபைபர், ஆடியில் ஒரு மதியச் சோதனை. இணைப்பு முதல் நாளிலிருந்தே பள்ளியின் பெயரில். கருவி வாங்கும் பணம் வந்தாலும், ஓராண்டுப் பழுது நிதி சேராதவரை வாங்க மாட்டேன்.

டிஷ் வீண் என்று இதற்குப் பொருளல்ல. மாலை விண்ணப்ப வேலையும், பிள்ளைகள் வெளியூர் ஆசிரியர் ஒருவரோடு காணொளி வழியாகப் பேசிய மூன்று வகுப்புகளும் 4ஜியில் நடந்திருக்காது. பிள்ளைகளின் கற்றல் உயர்ந்ததா என்று நாங்கள் அளக்கவில்லை, அதனால் அதைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். வகுப்பில் டீச்சர் இருக்கிறார் என்பது மட்டும் நோட்டில் தெரிகிறது.

2025 ஜூன் நிலை: இணைப்பு ஓடுகிறது, சிக்னல் −72. பனை வளர்கிறது. இரும்புக் கடைக்காரர் இன்னொரு மாடி எழுப்பப்போகிறார். குழாயைக் கழற்றி மேலே மாட்ட வேண்டும். ஆடிக்காற்று ஓயட்டும் என்று காத்திருக்கிறோம். புரட்டாசியில் ஒரு நாள் பார்த்துப் பனையேறி மறுபடி அந்த உயர மரத்தில் ஏறிக் கோட்டைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். சிவப்புச் சேலையைத் தலைவி எடுத்து வைத்திருக்கிறார்.